ஓட்டத் தெரிஞ்சா போதுமா?

நீங்களும் யூடியூப்ல பார்த்திருப்பீங்க. கனடாவின் வான்கூவர் நகரத்தை ஒட்டிய ஃப்ரோம் மலைக்காட்டில், மரப்பாலம் மேல ஒருத்தர் சைக்கிளோட பறப்பார். நாம லைக் போட்டுட்டுப் போயிடுவோம். அந்தப் பாதைகளைப் பார்த்துக்கிறது பெரும்பாலும் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். 1997-இல் தொடங்கிய நார்த் ஷோர் மவுண்டன் பைக் சங்கம்தான் அவங்களை ஒண்ணு சேர்க்குது.

வேலையில் முக்கால்வாசி தண்ணியோட சண்டை. அங்கே மழை ஜாஸ்தி. சக்கரத் தடத்துல தண்ணி ஓடினா அது வாய்க்காலாயிடும், மண் போய் வேரும் கல்லும்தான் மிஞ்சும். அதனால பாதையைப் பள்ளத்துப் பக்கம் லேசா, சுமார் 5 சதவீதம், சாய்ச்சு வைக்கணும். நான் மனப்பாடம் பண்ணி மறந்த ட்ரெய்னேஜ் அவங்க கையில இருக்கு (பொறாமைதான்).

"காசில்லாம எதுக்குடா?"ன்னு ரூம்மேட் கேட்டான். என் கோபம், ஓட்டிட்டு மட்டும் போறவங்க மேல. சேத்துக்குப் பயந்து ஓரமா சுத்திப் போனா பாதை அகலமாகி, செடி செத்துடும். அதைச் சரிபண்ண வேற யாரோ தன் ஞாயிற்றுக்கிழமையை விடணும். வருஷத்துக்கு ஒரு நாளாவது தோண்டாதவங்களுக்கு அங்கே ஓட்ட என்ன உரிமை?

கேட்டுட்டேன், இனி தப்பிக்க முடியாது. நம்ம ஹாஸ்டல்ல இருந்து கிரவுண்டுக்குப் போற வழி மழையில அரிச்சுக் கிடக்கு. சனிக்கிழமை காலை 7 மணிக்கு மண்வெட்டியோட அங்கே நிப்பேன். இன்னொரு மண்வெட்டியும் இருக்கு.