கோழிக்குப் போடும் ஒரு பிடி

எமது கிராமங்களில் நாலைந்து ஊர்க்கோழிகளாவது இல்லாத வளவுகள் குறைவு. காலையில் கூட்டைத் திறந்துவிட்டால் பகல் முழுவதும் அவை கிளறி மேய்கின்றன. பொழுதுபடும் வேளையில் அவற்றைக் கூட்டுக்கு அழைப்பதற்காக வீட்டுப் பெண்கள் ஒரு பிடி அரிசியையோ மிஞ்சிய சோற்றையோ முற்றத்தில் போடுவர். அந்த ஒரு பிடியில் என்ன இருக்கிறது என்று எவரும் பெரிதாக யோசிப்பதில்லை. "கோழிதானே, எதையும் தின்னும்" என்பதே பொதுவான எண்ணம். கோழி எதையும் தின்னும் என்பது உண்மைதான். ஆனால் எதைத் தின்றாலும் முட்டையிடும் என்று நினைப்பது தவறு.

இது சிறிய விடயமாகத் தோன்றலாம். ஆனால் ஊர்க்கோழி முட்டையை விற்று வரும் காசு பெரும்பாலும் வீட்டுத் தாயின் கையில் தங்கும் காசு. பிள்ளையின் கொப்பிக்கும் பஸ் கட்டணத்துக்கும் அதுவே உதவுகிறது. விற்காத முட்டை பிள்ளையின் கோப்பைக்குப் போகிறது. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடை செய்யப்பட்டதைத் தொடர்ந்து சோள விளைச்சல் வீழ்ந்தது. 2022இன் பொருளாதார நெருக்கடியில் கோழித்தீன் விலை எட்டாத உயரத்துக்குப் போனது. சிறு பண்ணைகள் பல மூடப்பட்டன. 2023இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்யும் நிலை வந்தது. அந்த நாட்களில் தீன் மூடையை நம்பியிராத ஊர்க்கோழியின் அருமையைப் பலரும் உணர்ந்தனர். அந்த அருமையைக் காப்பாற்ற வேண்டுமானால், நாம் கையால் போடும் தீனைத் தெரிந்து போட வேண்டும் என்பதே எமது கருத்து.

அரிசியில் நூற்றுக்கு ஏழு பங்களவே புரதம் உண்டு. கடைகளில் விற்கப்படும் முட்டைக்கோழித் தீனில் அது 16 முதல் 18 பங்கு வரை இருக்கும். சோறு, பாண், ரொட்டித் துண்டு யாவும் அரிசியின் இனமே. வயிற்றை நிரப்பும், முட்டைக்கு வேண்டியதைக் கொடுக்காது. கோழி வளவில் கிளறித் தேடுவது புழு, பூச்சி, கறையான், இளம்புல் ஆகியவற்றையே. ஆகவே, வளவில் கிடைக்காததைக் கையால் கொடுக்க வேண்டும். இதுவே தெரிவுக்குரிய விதி.

மாரி காலத்தில் வளவே சத்துள்ள தீனைத் தருகிறது. அப்போது ஒரு பிடி குறுணல் போட்டால் குறையொன்றுமில்லை. வடக்கு கிழக்கில் மே முதல் செப்ரெம்பர் வரை நிலம் காய்ந்து பூச்சியும் பச்சையும் அருகிவிடும். முட்டை குறைவதும் குஞ்சுகள் தேறாமல் நிற்பதும் அப்போதுதான். அந்த மாதங்களில் அரிசியைக் குறைத்து, நூற்றுக்கு இருபது பங்களவு புரதமுள்ள தேங்காய்ப் புண்ணாக்கை நனைத்துத் தவிட்டுடன் பிசைந்து வைக்கலாம். வேலியிலுள்ள முருங்கை இலையை நறுக்கிப் போடலாம். இறால் தலை, மீன் கழிவு ஆகியவற்றை அவித்துக் கொடுக்கலாம். மீன் அளவுக்கு மிஞ்சினால் முட்டையிலும் மீன் வாடை வரும். பழைய பானையொன்றில் உலர்ந்த சாணம், வைக்கோல், கிழிந்த சாக்குத் துண்டு ஆகியவற்றை இட்டு நீர் தெளித்து, கறையான் நடமாடும் இடத்தில் மாலையில் கவிழ்த்து வைத்தால் மறுநாட் காலையில் கறையான் சேர்ந்திருக்கும். குஞ்சுகளுக்கு இதைவிட நல்ல தீன் வேறில்லை. கறையானுக்கு மருந்தடித்த இடமாக மட்டும் அது இருக்கக்கூடாது.

ஒரு முட்டையின் ஓட்டில் ஏறத்தாழ இரண்டு கிராம் கல்சியம் உண்டு. அரிசியில் அது இல்லையென்றே சொல்லலாம். தோல்முட்டை இடும் கோழி இந்தக் குறையைத்தான் காட்டுகிறது. கடற்கரையூர்களில் சிப்பியை இடித்துச் சிரட்டையில் வைக்கலாம். ஏனைய இடங்களில் முட்டைக்கோதுகளை வறுத்து நன்றாக நொறுக்கி வைக்கலாம். நொறுக்காமல் போட்டால் கோழி தன் முட்டையையே கொத்திக் குடிக்கப் பழகிவிடும்.

எதைப் போடக்கூடாது என்பதில்தான் எமக்குக் கூடிய கவலை. வீட்டார் உண்ண முடியாதென ஒதுக்கிய பூஞ்சணம் பிடித்த புண்ணாக்கும் சோளமும் நிலக்கடலையும் "கோழிக்காவது ஆகட்டும்" என்று முற்றத்துக்கு வருகின்றன. 2021இல் இறக்குமதித் தேங்காயெண்ணெய் தொடர்பாக நாடெங்கும் பேசப்பட்ட அஃப்லடொக்சின் என்னும் நஞ்சு இத்தகைய பூஞ்சணத்திலிருந்தே உண்டாகிறது. கழுவினாலும் அவித்தாலும் அது முற்றாகப் போகாது. கோழியின் ஈரலைக் கெடுக்கும். அந்தக் கோழியையும் அதன் முட்டையையும் உண்பவர் நாமே. மரவள்ளியின் பச்சைத் தோலிலும் இலையிலும் சயனைட்டு நஞ்சு உண்டு. அவிக்காத அவரை விதைகள், பச்சை நிறமேறிய உருளைக்கிழங்கு, அவகாடோவின் தோலும் கொட்டையும் ஆகியனவும் ஆகாதவை. உப்புக் கருவாட்டுத் தலையை ஊறவைத்து உப்பைப் போக்காமல் போட்டால் கோழி சாகவும் கூடும்.

கோழியைக் கூட்டில் அடைத்து, தீன் வாங்கிப் போடுவோருக்கு வேறொன்று சொல்ல வேண்டும். முட்டையிடும் கோழி நாளொன்றுக்கு 100 முதல் 120 கிராம் வரை தீன் உண்ணும். மேலதிகமாகப் போடுவது அதில் பத்திலொரு பங்கை மிஞ்சலாகாது. அதாவது, கோழி ஒன்றுக்கு ஒரு மேசைக்கரண்டியளவு. பிள்ளைகள் ஆசையோடு சோற்றை அள்ளிப் போட்டால், காசு கொடுத்து வாங்கிய சத்துத் தீன் தொட்டியிலேயே கிடக்கும்.

"மனிதருக்கே இல்லாத காலத்தில் கோழிக்குக் கணக்குப் பார்ப்பதா?" என்று சிலர் கேட்கக்கூடும். இல்லாத காலத்தில்தான் கணக்குப் பார்க்க வேண்டும் என்போம். நாம் புதிய செலவெதையும் கேட்கவில்லை. முருங்கை வேலியில் நிற்கிறது. முட்டைக்கோது குப்பையில் கிடக்கிறது. கறையான் கூரையை அரிக்கிறது. முற்றத்தில் எறியும் அரிசியில் ஒரு பகுதி பானைக்கே மிஞ்சும்.

கோழி வளர்ப்புப் பயிற்சி என்றால் கூடு, தடுப்பூசி, தீன் மூடை என்பவற்றுடன் முடிந்துவிடுவதை நாம் கண்டு வருகின்றோம். அவை வேண்டியவையே. எனினும் தம் வளவில் எந்த மாதம் எது கிடைக்கிறது, எது குறைகிறது என்பதை அங்குள்ள பெண்களே நன்கு அறிவர். மாதர் சங்கங்கள் ஒரு கூட்டத்தில் இதைப் பேசி, தமது ஊருக்கென ஒரு பட்டியலைத் தயாரிக்கலாம். கால்நடை அபிவிருத்தி உத்தியோகத்தரை அழைத்து அதைச் சரிபார்த்துக் கொள்ளலாம். வரும் கோடைக்கு முன்பாக இதைச் செய்து முடிப்பது நன்று.