மூன்று தையலும் ஒரு சுண்டுவிரலும்

பணம் போன எரிச்சலில் புலம்புகிறான் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த எரிச்சலில் எழுத ஆரம்பித்த பதிவு போன அக்டோபரிலேயே பாதியில் நின்றுவிட்டது. ஆபீஸில் ஆணி அதிகம், அப்படியே கிடந்தது. இப்போது தூசி தட்டி எடுத்து எழுதுவதற்குக் காரணம் வேறு. அது கடைசியில் வரும். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எட்டரை மணி. குர்காவ்னில் (குருகிராம் என்று பெயர் மாற்றி வருஷங்கள் ஆகிவிட்டன, எனக்குத்தான் வாயில் வரமாட்டேன் என்கிறது) எங்கள் குடியிருப்பின் பார்க்கில் பொண்ணு சறுக்குமரத்திலிருந்து குதித்தாள். தாடையில் அடி. ரத்தம். ஆறு வயசுக் குழந்தையின் சட்டையில் அவ்வளவு ரத்தம் பார்த்தால் எந்த அப்பனுக்கும் மூளை வேலை செய்யாது. எனக்கும் செய்யவில்லை. தங்கமணி ஒரு துண்டை வைத்து அழுத்திப் பிடித்துக்கொள்ள, பக்கத்தில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியின் எமர்ஜென்சிக்கு வண்டியை விட்டேன்.

நல்லபடியாகத்தான் கவனித்தார்கள். டியூட்டி டாக்டர் சின்னப் பையன், பொறுமைசாலி, குழந்தையோடு கார்ட்டூன் பேசிக்கொண்டே பார்த்தார். "முகம் சார், தழும்பு விழும், பிளாஸ்டிக் சர்ஜன் பார்த்தா நல்லது" என்றார். பெண் குழந்தை, முகம், தழும்பு. இந்த மூன்று வார்த்தையையும் ஒரே வாக்கியத்தில் கேட்ட பிறகு எவன் வேண்டாம் என்பான்? சர்ஜன் வந்தார். மூன்று தையல். மொத்தம் இருபது நிமிஷம். பில் வர ஒரு மணி நேரம்.

பில்லை அப்படியே தருகிறேன்.

பதிவுக் கட்டணம் – 250
எமர்ஜென்சி டாக்டர் – 1,500
எமர்ஜென்சி கட்டில் – 1,800
பிளாஸ்டிக் சர்ஜன் – 3,000
தையல் போட்டதற்கு – 5,500
கையுறை, பஞ்சு, நூல் வகையறா – 2,640
ஊசி, மருந்து – 410
ஆக மொத்தம் ரூ. 15,100

ஒரு தையல் ஐயாயிரம் ரூபாய். அந்தக் காசுக்குக் காஞ்சிபுரத்தில் நல்ல பட்டுப்புடவையே எடுத்திருக்கலாம் என்று தங்கமணி சொன்னபோது சிரிப்பு வரவில்லை.

சர்ஜன் ஒரு ஜோடி கையுறை போட்டார், நர்ஸ் ஒரு ஜோடி. பில்லில் ஆறு ஜோடி. குழந்தை கட்டிலில் உட்காரவே இல்லை, என் மடியில்தான் இருந்தாள். அதற்கு 1,800. டெட்டனஸ் ஊசி வேறு. ஐந்து வயசில் போட வேண்டிய பூஸ்டரைப் போட்டு முழுசாக ஒரு வருஷம்கூட ஆகவில்லை என்று தங்கமணிக்கு ஞாபகம் வந்து சொல்வதற்குள் போட்டே விட்டார்கள். அட்டையைக் கொண்டு வந்தீர்களா என்று யாரும் கேட்கவில்லை.

கவுன்ட்டரில் இருந்த பெண் முதலில் கேட்ட கேள்வி, "கார்ப்பரேட் இன்சூரன்ஸா சார்?" ஆமாம் என்றேன். கார்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது ஓபிடில வரும் சார், கவர் ஆகாது. 24 மணி நேரம் அட்மிட் பண்ணினா க்ளெய்ம் பண்ணிப் பார்க்கலாம்" என்றார். தாடையில் மூன்று தையலுக்கு ஒரு ராத்திரி ஆஸ்பத்திரி வாசம்! அப்படிச் சேர்த்தாலும், அவசியமில்லாமல் சும்மா கண்காணிப்புக்காகச் சேர்த்தது என்று சொல்லி இன்சூரன்ஸ்காரர் கையை விரிக்கலாம். பாலிசியில் அதற்கென்றே ஒரு விலக்கு உண்டு. கார்டைத் தேய்த்துவிட்டு வந்தேன்.

மறுநாள் வீட்டு வேலைக்கு வரும் தீதி விஷயத்தைக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! அவர் பையனுக்குப் போன வருஷம் நெற்றி கிழிந்ததாம். செக்டர் 10 சிவில் ஆஸ்பத்திரியில் ஐந்து தையல். சீட்டுக்குச் சில ரூபாய், மூன்று மணி நேரக் காத்திருப்பு, அவ்வளவுதான். "பையா, நீங்க எல்லாம் படிச்சவங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போய்விட்டார்.

இதுவரைக்கும்தான் அக்டோபரில் எழுதியது. இனிமேல்தான் விஷயம்.

நவம்பர் கடைசியில் அப்பா ஊரிலிருந்து வந்தார். 71 வயசு, இருபது வருஷமாகச் சர்க்கரை. தென்காசிப் பக்கம் ஆயுசு முழுக்கச் செருப்புகூடச் சரியாகப் போடாத மனுஷர், டிசம்பர் குளிரில் ராத்திரி பகல் காலுறையோடு திரிந்தார். இந்த ஊர்க் குளிருக்கு யார்தான் போடமாட்டார்கள்? நாங்கள் கிண்டல்கூடச் செய்தோம். ஒரு நாள் ராத்திரி உடம்பு அனலாகக் கொதித்தது. காலுறையைக் கழற்றினால் வலது கால் சுண்டுவிரல் கறுத்து, பாதம் வீங்கி, வாடை.

என்ன நடந்தது என்று பிறகுதான் தெரிந்தது. பால்கனியில் உடைந்த பூந்தொட்டிச் சில்லு கிழித்திருக்கிறது. பன்னிரண்டு நாள் முன்னாடி. மஞ்சளை வைத்துக் கட்டிக்கொண்டு மேலே காலுறையை மாட்டியிருக்கிறார். ஏன்ப்பா சொல்லலை என்று கேட்டதற்கு அவர் சொன்னது: "லேசான கீறல்டே. பிள்ளைக்கு மூணு தையலுக்கே பதினஞ்சாயிரம் புடுங்கிட்டாம்னு நீதானே போன்ல சொன்ன. இதுக்கு எதுக்கு உனக்கு வீண் செலவு?"

ஆமாம், நான்தான் சொன்னேன். அக்டோபரில் ஊர் முழுக்க போன் போட்டு அந்தப் பில்லைப் பற்றிப் புலம்பியது நானேதான்.

ஆறு நாள் ஆஸ்பத்திரி. சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள். பாதத்தைக் காப்பாற்றியதே பெரிசு என்றார் டாக்டர். பில் 1,86,000 ரூபாய். இதற்கு இன்சூரன்ஸ் செல்லுபடியானது! இருபது சதவீதம் நான் கட்டினேன், மிச்சத்தைக் கம்பெனி பாலிசி கட்டியது. அன்றே காட்டியிருந்தால் கழுவிக் கட்டுப்போட்டு மருந்து கொடுத்து அனுப்பியிருப்பார்கள். அந்தச் சில ஆயிரத்தைத் தரமாட்டேன் என்ற அதே பாலிசி, விரல் அழுகிய பிறகு ஒன்றரை லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவாக எந்தக் கேள்வியும் கேட்காமல் தருகிறது. இந்தக் கணக்கை எனக்கு யாராவது விளக்குங்கள் மக்களே.

இது என் பாலிசியின் கோளாறு மட்டும் இல்லை. நம் நாட்டு மருத்துவக் காப்பீட்டின் அடிப்படையே 24 மணி நேரம் படுக்கையில் கிடப்பதுதான். கண்புரை, டயாலிசிஸ் மாதிரி ஒரே நாளில் முடியும் சில சிகிச்சைகளுக்கு விலக்கு உண்டு. மற்றபடி நடந்து வந்து நடந்து போகிறவனுக்கு ஒன்றும் கிடையாது. வெளிநோயாளிச் செலவுக்குத் தனி ரைடர் உண்டு, அதற்குத் தனிக் காசு. அரசுத் திட்டமும் இதே கதைதான். ஆயுஷ்மான் பாரத்தை 2024 அக்டோபரில் 70 வயது தாண்டிய எல்லோருக்கும் விரித்தார்கள், நல்ல காரியம். ஆனால் அதுவும் உள்நோயாளியாகச் சேர்ந்தால்தான். ஆக, சின்னக் காயம் என்பது முழுக்க முழுக்க உன் சொந்தக் காசு. அந்த இடத்தில்தான் ஆஸ்பத்திரிக்காரர் வைத்ததே விலை.

விலைக்குச் சட்டமே இல்லையா என்றால், இருக்கிறது. மருத்துவ நிறுவனங்கள் சட்டம் 2010-ல் வந்தது, விதிகள் 2012-ல் வந்தன. ஒவ்வொரு சேவைக்கும் என்ன கட்டணம் என்று உள்ளூர் மொழியிலும் ஆங்கிலத்திலும் கண்ணில் படும் இடத்தில் எழுதி வைக்க வேண்டும் என்பது விதி. ஹரியானாவும் இந்தச் சட்டத்தை ஏற்றுக்கொண்ட மாநிலம்தான். அந்த எமர்ஜென்சி வாசலில் நான் பார்த்த போர்டுகள்: காலணியைக் கழற்றவும், அமைதி காக்கவும், ஊழியர்களிடம் தகராறு செய்தால் சட்டப்படி நடவடிக்கை. தையலுக்கு எவ்வளவு என்று எங்கேயும் இல்லை. கட்டணத்துக்கு ஒரு வரம்பு நிர்ணயிக்க வேண்டும் என்றும் அதே விதிகளில் இருக்கிறது. பன்னிரண்டு வருஷம் ஆகியும் செய்யவில்லையே என்று 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமே மத்திய அரசைக் கடிந்துகொண்டது.

அந்தக் கையுறை, பஞ்சு சமாசாரத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. 2017-ல் இதே குர்காவ்னில் டெங்குவில் ஒரு ஏழு வயதுக் குழந்தை இறந்துபோய், பெற்றோர் கையில் கொடுத்த பில் நாடு முழுக்கப் பேச்சானது நினைவிருக்கும். அதன் பிறகு தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் தில்லி வட்டாரத்தின் நான்கு பெரிய தனியார் ஆஸ்பத்திரிகளின் பில்களைத் தோண்டிப் பார்த்து 2018 பிப்ரவரியில் அறிக்கை வெளியிட்டது. மருந்து, ஊசி, கையுறை போன்ற பொருள்களில் 1,737 சதவீதம் வரைக்கும் லாபம். அச்சடித்த எம்.ஆர்.பி.யைத் தாண்டவில்லையே என்பார்கள். மொத்தமாக வாங்கும் ஆஸ்பத்திரிக்கு வசதியாக அந்த எம்.ஆர்.பி.யே ஏற்றி அச்சடிக்கப்படுகிறது என்பதையும் அந்த ஆணையம்தான் சொன்னது.

ஆஸ்பத்திரி வேலையில் இருக்கும் நண்பர் ஒருவர் என்னிடம் சண்டைக்கு வந்தார். "எமர்ஜென்சி என்றால் 24 மணி நேரமும் டாக்டர், வென்டிலேட்டர், ஆம்புலன்ஸ் எல்லாம் தயாராக இருக்கணும். அந்தச் செலவை யார் கொடுப்பது?" நியாயமான கேள்விதான், மறுக்கவில்லை. மாரடைப்பு வந்தவனுக்காக வைத்திருக்கும் ஏற்பாட்டின் செலவில் ஒரு பங்கு என் தலையிலும் விழட்டும். ஆனால் எவ்வளவு என்று முன்னாலேயே சொல்லிவிட்டு வாங்குங்கள். சலூனில்கூட ஷேவிங் இவ்வளவு, கட்டிங் இவ்வளவு என்று கண்ணாடி பக்கத்தில் அட்டை தொங்குகிறது. சின்னத் தையல் இவ்வளவு, கட்டுப்போட இவ்வளவு, ஸ்பெஷலிஸ்டைக் கூப்பிட்டால் கூடுதலாக இவ்வளவு. ஐந்தாறு வரி எழுத என்ன கஷ்டம்? உயிருக்கு ஆபத்து என்றால் எவனும் விலை கேட்கப் போவதில்லை. காசைக் காரணம் காட்டி முதல் சிகிச்சையைத் தாமதிக்கவும் கூடாது. அவசர சிகிச்சை தருவது ஒவ்வொரு டாக்டரின் கடமை என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லிவிட்டது. நான் பேசுவது உயிருக்கு ஆபத்தில்லாத, கேட்க அவகாசமுள்ள காயங்களைப் பற்றி.

நம்மேலும் தப்பு இருக்கிறது. ஊரில் கால் கிழிந்தால் தெருமுனை டாக்டர் இருந்தார், அவர் இல்லாவிட்டால் கம்பவுண்டர் இருந்தார். கழுவி, தைத்து, "தண்ணி படாமப் பாத்துக்க" என்று அனுப்புவார்கள். இங்கே வந்து பத்து வருஷம் ஆகிறது. எங்கள் குடியிருப்பில் நீச்சல் குளம் இருக்கிறது, ஜிம் இருக்கிறது, ஆயிரத்துக்கு மேல் வீடுகள். ராத்திரி ஒரு காயத்துக்குக் கட்டுப்போட ஒரு ஆள் இல்லை. அது இல்லையே என்று எந்தக் கூட்டத்திலும் யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. பார்க்கிங்குக்குத்தான் சண்டை போட்டோம். பாஷை அரைகுறை, சொந்தக்காரர் பக்கத்தில் இல்லை, யாரைக் கேட்பது என்று தெரியாது. அதனால் பெரிய கட்டடமாகப் பார்த்து ஓடுகிறோம். பில்லில் கேள்வி கேட்டால் கஞ்சன் என்று நினைப்பார்களோ என்று கார்டைத் தேய்க்கிறோம்.

வெளியூரில் குடும்பத்தோடு இருக்கும் நம் மக்களுக்கு, பட்டுத் தெரிந்துகொண்டவன் சொல்கிறேன்:

1. காயம் படுவதற்கு முன்னாலேயே வீட்டுக்குப் பக்கத்தில் தையல் போடும் சின்ன நர்சிங் ஹோம் எது, ராத்திரி எத்தனை மணி வரை திறந்திருக்கும், அரசு ஆஸ்பத்திரி எங்கே என்று விசாரித்துக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி வையுங்கள். வேலைக்கு வரும் அக்காவிடம் கேளுங்கள், அவருக்குத் தெரிந்திருக்கும்.

2. சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து ரத்தம் நின்றுவிட்டால் தையல் போடச் சில மணி நேரம் அவகாசம் உண்டு. அந்தப் பொறுமைசாலி டாக்டரே சொன்னது. தலையில் அடிபட்டு வாந்தி, மயக்கம் என்றாலோ, ரத்தம் நிற்காவிட்டாலோ யோசிக்காமல் பெரிய எமர்ஜென்சிக்கே ஓடுங்கள்.

3. "மொத்தம் எவ்வளவு ஆகும்?" என்று தையலுக்கு முன் கேளுங்கள். தேசிய மனித உரிமை ஆணையம் 2018-ல் தயாரித்த நோயாளி உரிமைச் சாசனத்தில் கட்டணம் அறியும் உரிமையும், இனவாரியான பில் பெறும் உரிமையும் இருக்கின்றன. மாநிலங்கள் இதை அமல்படுத்த வேண்டும் என்று 2019-ல் சுகாதார அமைச்சகமே கடிதம் எழுதியது.

4. போடாத கையுறைக்குக் காசு கேட்டால் எழுத்தில் விளக்கம் கேளுங்கள். காசு வாங்கிச் செய்யும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-லேயே தீர்ப்பு இருக்கிறது. நுகர்வோர் உதவி எண் 1915.

5. குழந்தைகளின் தடுப்பூசி அட்டையைப் படம் பிடித்து போனில் வையுங்கள்.

6. சர்க்கரை உள்ள பெரியவர்கள் வீட்டில் இருந்தால் தினமும் பாதத்தைப் பாருங்கள். காலுறையைக் கழற்றச் சொல்லிப் பாருங்கள்.

நான் ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதினேன். ஆறு ஜோடி கையுறையில் நான்கு ஜோடிக் காசைத் திருப்பித் தந்தார்கள். கட்டிலுக்கு "பாலிசி சார்" என்றார்கள். கட்டணப் பலகை பற்றி மாவட்ட அதிகாரிக்கு எழுதியிருக்கிறேன், பதில் வரவில்லை. குடியிருப்புச் சங்கத்தில் மாலை நேரத்துக்கு ஒரு நர்ஸ் வைக்கலாம் என்று மனு கொடுத்திருக்கிறேன், அடுத்த கூட்டத்தில் பேசலாமாம். விடுவதாக இல்லை.

அப்பா பிப்ரவரியில் ஊருக்குத் திரும்பிவிட்டார். நேற்று போன் செய்தேன். நன்றாக நடக்கிறாராம், செருப்பு மட்டும் ஒரு பக்கம் கழன்றுகொண்டே போகிறதாம். அம்மாவிடம் தனியாகக் கேட்டேன், காலைத் தினமும் பார்க்கிறாயா என்று. பார்க்கிறாளாம். கடைசியாக அப்பா கேட்டார்: "பிள்ளைக்குத் தழும்பு இருக்கா?"

இல்லைப்பா. துளிகூடத் தெரியவில்லை.

டிஸ்கி: இது டாக்டர்களுக்கு எதிரான பதிவு இல்லை. தைத்த கை நல்ல கை. பில் போட்ட கையைப் பற்றித்தான் பேச்சு. உங்கள் ஊரில் மூன்று தையலுக்கு எவ்வளவு வாங்குகிறார்கள் என்று எழுதுங்கள், ஊர்வாரியாக ஒரு பட்டியல் போடலாம். ஆஸ்பத்திரி போடாத போர்டை நாமாவது போடுவோம்.