ஊதியின் வாயை அடைத்தால் போதுமா?

இடம்பெயர்ந்து வந்து குத்தகைக் காணியில் விதைக்கும் எமக்கு ஒவ்வொரு கொத்து அரிசியும் பெறுமதியானது. மில்லில் உமி பிரிக்கும் ஊதியின் காற்று கூடினால் குறுணலும் உமியோடு பறந்துவிடும். அதற்காகக் காற்று நுழையும் வாயைத் தகரத்தால் மறைக்கிறார்கள். காற்றுக் குறையும், ஆனால் ஊதி அதே வேகத்தில் சுற்றுவதால் டீசற் செலவு அவ்வளவாகக் குறையாது.

ஊதியின் கப்பியைச் சற்றுப் பெரிதாகப் போட்டு வேகத்தை 20 வீதம் குறைத்துப் பார்க்கட்டும். காற்றும் 20 வீதந்தான் குறையும்; ஊதிக்கு வேண்டிய வலுவோ ஏறக்குறையப் பாதியாகிவிடும். தகடுகளில் ஒருபக்கமாகத் தவிடு படிந்தால் ஊதி ஆட்டங்கண்டு பெயாரிங் தேயும். மில்லை நிறுத்திவிட்டு அதைச் சுரண்டக் காசு வேண்டியதில்லை, சோம்பல் இல்லாவிட்டால் சரி.

இவற்றைச் செய்யாமல் குத்துக்கூலியை உயர்த்துவது நியாயமில்லை. அடுத்த சங்கக் கூட்டத்தில் நாம் முதலில் கப்பியைப் பற்றிக் கேட்போம்.