சோம்பல் அல்ல, தைராய்டு

திருவாலங்காடு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டப் போகிற பெண் ஒருநாள் காலையில் எழுந்திருக்க முடியாமல் கிடந்தால், மேஸ்திரி 'சோம்பேறி' என்கிறார். மாமியார் சொல்வதும் அதேதான். முகம் ஊதுகிறது, முடி கொட்டுகிறது, மாதவிலக்கு தாறுமாறாகிறது. கரு தங்காவிட்டால் அந்தப் பழியும் அவள் மேல்தான். நம் காலனிகளில் இந்தப் பேச்சைக் கேட்டே வளர்ந்தோம். உழைக்கவென்றே பிறந்த உடம்பு என்று சாதி நம்மைப் பற்றி எழுதிவைத்தது. அந்த உடம்புக்கு நோய் வரும் என்பதை நாமும் லேசில் நம்புவதில்லை.

கழுத்தின் முன்புறம் உள்ள தைராய்டு சுரப்பி மந்தமானாலும் இத்தனையும் வரும். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். ஆனால் முடிவுச் சீட்டு ஆங்கிலத்தில் அல்லவா இருக்கிறது!

அதில் டி.எஸ்.எச். என்பதைப் பாருங்கள். அது தைராய்டு சுரக்கும் நீர் அல்ல. மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி, தைராய்டை வேலை வாங்க அனுப்பும் ஆணை. வேலை குறைந்தால் மேஸ்திரியின் சத்தம் கூடும் இல்லையா, அப்படி. டி.எஸ்.எச். ஏறினால் பெரும்பாலும் தைராய்டு குறைவு. மிகவும் இறங்கினால் மிகுதி. இங்கேதான் பலர் தடுமாறுகிறோம். நமக்குத் தெரிந்த அக்கா ஒருவர், பக்கத்து வீட்டுச் சீட்டைக் காட்டி அதே மாத்திரையை வாங்கி மூன்று மாதம் விழுங்கினார். அவருக்கு இருந்ததோ சுரப்பு மிகுதி. நெஞ்சு படபடத்து விழுந்த பிறகுதான் தெரிந்தது.

பொதுவாக 0.4 முதல் 4 வரை சரியான அளவு. ஆய்வகத்துக்கு ஆய்வகம் சற்று மாறும், சீட்டிலேயே அச்சிட்டிருக்கும். 10-ஐத் தாண்டினால் பெரும்பாலும் மாத்திரை வேண்டும். இடையில் இருந்து, டி4 அளவு சரியாக இருந்தால், இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி பார்த்தே முடிவெடுப்பார்கள். கர்ப்பிணிகள் மட்டும் காத்திருக்கக் கூடாது. அவர்களுக்கான அளவும் வேறு.

சுரப்புக் குறைவுக்குத் தரும் தைராக்சின் விலை குறைந்த மாத்திரைதான். வெறும் வயிற்றில், தண்ணீரோடு, டீ குடிக்க அரை மணி நேரம் முன்பே போட வேண்டும். சுகாதார நிலையத்தில் தரும் இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளை இதோடு சேர்த்து விழுங்கினால் இது உடம்பில் சரியாக ஏறாது. 4 மணி நேர இடைவெளி வேண்டும். விடியுமுன் வெட்டுக்குப் புறப்படுகிறவரிடம் இதை யார் சொல்கிறார்கள்? சற்றுத் தேறியதும் அவரே நிறுத்திவிடுகிறார்.

மாத்திரை தொடங்கினாலோ அளவை மாற்றினாலோ 6 முதல் 8 வாரத்தில் மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும். திருத்தணிக்கோ திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போனால் ஒரு நாள் கூலி போச்சு. முடிவு வாங்க இன்னொரு நாள். அந்த இரண்டாவது நாளைத்தான் நம் பெண்கள் விட்டுவிடுகிறார்கள். இதை அலட்சியம் என்று திட்டுகிறவர்கள் அந்தக் கூலியைத் தருவார்களா?

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வாசலுக்கே கொண்டுவந்தது. நல்ல திட்டம். தைராய்டு மாத்திரையும் அதே கையில் வரட்டும். ரத்தம் எடுப்பது பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே நடக்கட்டும். முடிவுச் சீட்டில் 'குறைவு', 'மிகுதி' என்று தமிழில் ஒரு சொல் எழுதுவதற்குத் தனி அரசாணையா வேண்டும்?

கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளே, அம்மாவின் பழைய சீட்டு டிரங்குப் பெட்டியில் சேலைக்கு அடியில் மடித்துக் கிடக்கும். எடுத்து அந்த எண்ணைப் படித்துச் சொல்லுங்கள். தேதியையும் பாருங்கள்.