ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேட்டைக்குத் தடை ஏன்? அமெரிக்காவில் என்ன நடக்கிறது?

திங்கள் முதல் சனி வரை துப்பாக்கியுடன் மான் வேட்டைக்குப் போகலாம். ஞாயிற்றுக்கிழமை போனால் குற்றம்! அமெரிக்காவின் பென்சில்வேனியா மாகாணத்தில் 1873-ல் வந்த தடை இது. நரி, காகம் போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு இருந்தது. 2025 ஜூலையில் ஆளுநர் ஜோஷ் ஷபிரோ கையெழுத்திட்ட சட்டம் இந்தத் தடையை நீக்கியது.

தடை எப்படி வந்தது?

ஞாயிறு என்றால் தேவாலயம், ஓய்வு. அந்தக் காலத்தில் கடை, விளையாட்டு, மது விற்பனைனு எல்லாத்துக்கும் அன்று கட்டுப்பாடு. மற்றவை ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. வேட்டைத் தடை மட்டும் சில கிழக்கு மாகாணங்களில் நீடித்தது.

நீக்கச் சொல்வது யார்?

வாரம் முழுக்க வேலைக்குப் போகும் வேட்டைக்காரர்கள். துப்பாக்கியால் மான் வேட்டையாடும் சீசன் சில வாரங்கள்தான். "லீவு கிடைக்கிறதே ரெண்டு நாள், அதுல ஒண்ணு போச்சுன்னா பிள்ளைங்களை எப்போ கூட்டிட்டுப் போறது?" என்பது அவர்கள் வாதம். லைசென்ஸ் கட்டணத்தை நம்பியிருக்கும் வனவிலங்கு நிர்வாகத்துக்கும் இது வருமானப் பிரச்னை.

எதிர்ப்பு ஏன்?

காட்டில் நடைப்பயணம், குதிரை சவாரி போகிறவர்களுக்கு சீசனில் துப்பாக்கிச் சத்தம் இல்லாத ஒரே நாள் ஞாயிறு. நில உரிமையாளர்களும் ஒருநாள் நிம்மதி கேட்கிறார்கள்.

பென்சில்வேனியாவில் இந்தச் சிக்கல் படிப்படியாகத்தான் தீர்ந்தது. 2019 சட்டம் மூன்று ஞாயிறுகளை மட்டும் திறந்தது. தனியார் நிலம் என்றால் எழுத்துபூர்வ அனுமதி கட்டாயம் என்றது. மான்களால் பயிர்ச்சேதம் ஒருபக்கம் இருக்க, முன்பு எதிர்த்த விவசாயிகள் அமைப்பும் 2025-ல் எதிர்ப்பைக் கைவிட்டது. எந்தெந்த ஞாயிறு என்பதை இனி வனவிலங்கு ஆணையமே முடிவு செய்யும்.

மெய்ன் மாகாணத்தில் நிலைமை வேறு. அங்கே இன்னும் முழுத் தடை. காடுகளில் பெரும்பகுதி தனியாருக்குச் சொந்தம். உரிமையாளர் தடுக்காதவரை உள்ளே போய் வேட்டையாடலாம் என்பது வழக்கம். ஞாயிறையும் திறந்தால் பலர் 'நுழையாதே' போர்டு மாட்டிவிடுவார்கள், ஏழு நாளும் போய்விடும் என்ற பயம் வேட்டைக்காரர்களிலேயே சிலருக்கு உண்டு. 2021-ல் அங்கே அரசியல் சட்டத்தில் சேர்ந்த 'உணவு உரிமை'யைக் காட்டித் தொடர்ந்த வழக்கும் 2024-ல் அந்த மாகாண உச்ச நீதிமன்றத்தில் தோற்றது.

தேவாலயத்துக்காக வந்த தடை, இப்போ நிலத்துக்கான பேரமாக மாறிவிட்டது. மெய்ன்ல தடை நீங்கணும்னா, முதல்ல சமாதானம் ஆக வேண்டியது நிலத்துக்குச் சொந்தக்காரர்கள்தான்.