பளபளப்பைப் பார்த்து ஃப்யூம் ஹூட் வாங்காதீங்க

1/ உங்க வீட்ல யாருக்காவது கட்டி எடுத்து, "பயாப்சிக்கு அனுப்பியிருக்கோம்"னு டாக்டர் சொல்லியிருக்கலாம். அந்தச் சதைத்துண்டு ஃபார்மலின் ஊத்தின டப்பாவில்தான் லேபுக்குப் போகும். அங்கே அதைத் திறந்து வெட்டும்போது கிளம்பும் நெடியை உறிஞ்சி வெளியேற்றும் பெட்டிக்குப் பேர்தான் ஃப்யூம் ஹூட்.

2/ ஃபார்மலினில் இருப்பது ஃபார்மால்டிஹைடு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004ல், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்னு வகைப்படுத்தியது. அடுத்தவருக்கு கேன்சர் இருக்கான்னு பார்க்கிறவங்க தினமும் சுவாசிக்கிறது இதைத்தான்.

3/ நான் முன்பு வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில் புது ஸ்டீல் ஹூட் வந்தது. கண்ணாடி மாதிரி மின்னும். ரெண்டே வருஷத்தில் உள்ளே பழுப்புப் புள்ளிகள், மேலே போகும் குழாயில் ஓட்டை. ஃபேன் ஓடுது, ஆனா டெக்னீசியன் அக்காவுக்குக் கண் எரியுது.

4/ காரணம் என்ன? எலும்பு பயாப்சியை மென்மையாக்க அமிலத்தில் ஊறப் போடுவாங்க. அங்கே ஹைட்ரோகுளோரிக் அமிலம். அதன் ஆவி ஸ்டெயின்லெஸ் ஸ்டீலையே அரிக்கும். போதாததுக்கு தினமும் பிளீச்சிங் கரைசலில் துடைச்சாங்க. அதில் இருக்கும் குளோரினும் ஸ்டீலுக்கு எதிரி. ஹூட்டுக்குச் செலவழிச்சவங்க, குழாயை மட்டும் சாதா ஜி.ஐ. தகட்டில் போட்டிருந்தாங்க.

5/ அப்போ எது நல்லது? எல்லாத்துக்கும் பொருந்துற ஒரே பொருள் கிடையாது.
ஃபார்மலின், சைலீன் மட்டும்னா ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போதும். 304ஐ விட 316 மேல்.
அமிலம் புழங்கும் இடத்துக்கு பாலிப்ரொப்பிலீன். ஆனா அது சூட்டில் இளகும், தீப்பிடிக்கும், சைலீன் பட்டால் உப்பும்.
மேஜைப் பலகைக்கு எபாக்ஸி ரெசின் நல்லா உழைக்கும்.
குழாயும் உள்ளே போகும் ஆவிக்கு ஏத்ததா இருக்கணும். அமில ஆவிக்கு பிவிசி அல்லது பாலிப்ரொப்பிலீன்.

6/ "கவர்மென்ட்ல குறைஞ்ச விலைக்குத்தானே டெண்டர் போகும்?"னு கேப்பீங்க. உண்மைதான். ஆனா குறைஞ்ச விலை எதுக்குன்னு தீர்மானிக்கிறது நாம எழுதிக் கொடுக்கிற விவரக்குறிப்பு. "ஃப்யூம் ஹூட் - 1" னு ஒத்த வரியில் எழுதினா, அந்த ஒத்த வரிக்கு ஏத்த பொருள்தான் வரும். அப்புறம் சப்ளையரைத் திட்டி என்ன பிரயோஜனம்?

7/ அதனால என் கருத்து இதுதான். விலைப்பட்டியலைத் திறக்கும் முன்னாடி ஒரு வெள்ளைத்தாள் எடுங்க. அந்த ஹூட்டுக்குள்ள என்னென்ன கெமிக்கல், எவ்வளவு, அடுப்பு வைப்பீங்களா, எதைப் போட்டுத் துடைப்பீங்க, எல்லாத்தையும் எழுதுங்க. எந்தப் பொருளில் வாங்கணும்னு அந்தத் தாளே பாதி சொல்லிடும்.

8/ முக்கியமா, அந்தத் தாளை டாக்டர் மட்டும் எழுதக் கூடாது. டெக்னீசியனும் சுத்தம் பண்ற அண்ணனும் பக்கத்தில் இருக்கணும். பிளீச்சிங் விஷயம் எனக்குத் தெரிய வந்ததே அந்த அண்ணன் சொல்லித்தான். வாங்குறதுக்கு முன்னாடி அவரை யாரும் கேட்கலை.