சின்னக் கடை என்று பாட் நிரலுக்குத் தெரியாது

"நம்ம வெப்சைட்டை எவன் சார் ஹேக் பண்ணப் போறான்? போன் நம்பரும் நாலு போட்டோவும்தானே இருக்கு!" சிறுதொழில் நடத்துபவர்களிடம் இணையதளப் பராமரிப்பு என்று பேச்செடுத்தால் முதலில் வரும் பதில் இதுதான். கேட்கப் பணிவாக இருக்கும். சுத்த அசட்டுத்தனம்.

நகை இருக்கும் வீடாகப் பார்த்துத்தான் திருடன் வருவான் என்ற கணக்கு இங்கே செல்லாது. தளங்களைத் தேடி அலைவது ஆள் இல்லை, பாட் என்னும் தானியங்கி நிரல். எந்தத் தளத்தில் எந்தப் பழைய பிளகின் கிடக்கிறது என்று இரவும் பகலும் துழாவிக்கொண்டே இருக்கும். சிக்கியது வங்கியா, பருத்திக்கொட்டை மண்டியா என்று அது பார்ப்பதில்லை.

2017 ஜனவரி 26 அன்று, தளம் அமைக்க உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளின் 4.7.2 பதிப்பு வெளிவந்தது. கடவுச்சொல் இல்லாமலே எவரும் தளத்தின் பதிவுகளைத் திருத்திவிடக்கூடிய ஓர் ஓட்டையை அது அடைத்தது. எல்லோரும் அப்டேட் செய்துகொள்ளட்டும் என்று ஒரு வாரம் போல் பொறுத்து, பிப்ரவரி 1-ல்தான் ஓட்டையின் விவரத்தைச் சொன்னார்கள். சொன்ன சில நாட்களிலேயே பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள் சிதைக்கப்பட்டன. அத்தனையும் பெரிய நிறுவனங்களின் பக்கங்களா என்ன? மருந்து இலவசமாகக் கிடைத்தும் அப்டேட் பொத்தானை அழுத்தாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

சரி, சின்னத் தளத்தில் திருட என்ன இருக்கிறது? கூகுளில் அதற்கு இருக்கும் நல்ல பெயர். உங்கள் முகவரிக்குள்ளேயே, போலிப் பிராண்ட் சரக்கு விற்கும் ஜப்பானிய மொழிப் பக்கங்கள் ஆயிரக்கணக்கில் முளைக்கும். இந்த வகைத் தாக்குதலுக்குக் கூகுள் தனி வழிகாட்டியே வைத்திருக்கிறது. நீங்கள் திறந்து பார்த்தால் முகப்பில் கடைப் பெயரும் பிள்ளையார் படமும் அப்படியே இருக்கும். கூகுளின் பாட் வந்தால் மட்டும் வேறு பக்கம் காட்டும். புகுந்தவன், தள உரிமையாளர்களுக்கான கூகுளின் சர்ச் கன்சோல் கருவியில் தன்னையும் உரிமையாளராகச் சேர்த்துக்கொள்வதும் உண்டு. உங்களுக்கு விஷயம் தெரிய வரும்போது வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போயிருப்பார்.

"போட்டுக் குடுத்த தம்பி பாத்துக்குவாப்ல" என்பது அடுத்த சமாதானம். டொமைன் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று அந்தத் தம்பியைக் கேட்டதுண்டா? புதுப்பிக்கச் சொல்லும் மின்னஞ்சல் அவருடைய ஜிமெயிலுக்குப் போகும். அவர் வேலை மாறிப் பெங்களூரு போயிருப்பார். 1999 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட்டே பாஸ்போர்ட் என்னும் தன் லாகின் சேவையின் டொமைனைப் புதுப்பிக்க மறந்ததால், ஹாட்மெயில் பயனர்கள் உள்ளே நுழைய முடியாமல் தவித்தார்கள். சம்பந்தமே இல்லாத ஒரு புரோகிராமர் 35 டாலர் கட்டிக் காப்பாற்றினார். உங்களுக்கு அப்படி யாரும் கட்டப் போவதில்லை.

"பேக்கப்பை ஹோஸ்டிங்காரன் எடுப்பான்" என்ற நம்பிக்கையையும் சொல்லிவிடுகிறேன். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஓவிஎச் என்ற ஹோஸ்டிங் நிறுவனத்தின் டேட்டா சென்டர் எரிந்தபோது, பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்களுக்கு இரண்டும் சேர்ந்தே போயின.

பராமரிப்பு என்ற பேரில் வருஷா வருஷம் பணம் வாங்கிக்கொண்டு ஒன்றுமே செய்யாதவர்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. அதற்காகப் பராமரிப்பே வேண்டாம் என்பது என்ன நியாயம்? ஏசிக்கு ஏ.எம்.சி. போட்டால், சர்வீஸ்காரர் ஃபில்டரைக் கழற்றிக் கழுவினாரா என்று பக்கத்தில் நின்று பார்க்கிறோம் இல்லையா? அதேபோல், இந்த மாதம் எந்தெந்த அப்டேட் போட்டீர்கள் என்று கேளுங்கள். ஒரு பேக்கப்பை எடுத்துக் கண் முன்னால் மீட்டுக் காட்டச் சொல்லுங்கள். மழுப்பினால் ஆளை மாற்றுங்கள்.

இன்று கடை சாத்துவதற்குள் இரண்டு காரியம் செய்யுங்கள். டொமைன் உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு கூகுளில், 'சைட்' என்பதை ஆங்கிலத்தில் தட்டி, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் உங்கள் தள முகவரியைப் போட்டுத் தேடுங்கள். நீங்கள் எழுதாத பக்கம் ஒன்று வந்தாலும், நாளைக் காலையில் முதல் வேலை அதுதான்.